கவிழ்த்த கோப்பையில் தேநீர் இல்லை

மேசைமேல் இரண்டு காலிக் கோப்பைகள், ஒரு காலிப் பாட்டில். எதிரே இரண்டு வயதுக் குழந்தை. பெரியவர் ஒருவர் பாட்டிலைச் சாய்த்து, இல்லாத தேநீரை இரண்டு கோப்பைகளிலும் ஊற்றுவதுபோல் பாவனை செய்கிறார். அப்புறம் "இங்கே பார்" என்று சொல்லி, ஒரு கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு உதறு உதறி, மறுபடி நிமிர்த்தி வைக்கிறார். "எது காலி, எதில் தேநீர் இருக்கிறது?" என்று கேட்கிறார்.

இரண்டுமே காலி. அது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தயங்காமல் கவிழ்த்த கோப்பையைத் தொட்டு, இதுதான் காலி என்கிறது.

ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் 1980களில் பாவனை விளையாட்டை ஆராய்ந்தபோது கையாண்ட சோதனை இது. பேச்சே சரியாக வராத வயதில், இல்லாத தேநீரும் கவிழ்த்தால் கொட்டிவிடும் என்பது குழந்தைக்குப் பிடிபட்டிருக்கிறது. கற்பனைக்கு எல்லையே இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறவர்களை அந்த மேசைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் பேச்சு வழக்கைக் கவனித்தால் கற்பனைமேல் நமக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. "கதை விடாதே" என்கிறோம். நடக்காததற்கு ஆசைப்படுகிறவன் மனப்பால் குடிக்கிறான், மனக்கோட்டை கட்டுகிறான். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிச் சொல்கிறவள் கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறாள். ஆனால் இந்தச் சொற்களுக்குள்ளேயே இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. பொய் சொல்கிறவன் கயிறு திரிக்கிறான், சரடு விடுகிறான், கதை கட்டுகிறான். எல்லாம் கைவேலை. புனைவு என்ற சொல்லும் அப்படித்தான். புனைதல் என்றால் தொடுத்தல், அழகுபடுத்தல், செய்தல். பூவையும் புனைவார்கள், பாட்டையும் புனைவார்கள். ஏற்கெனவே இருக்கிற நாரையும் பூவையும் எடுத்து, இல்லாத மாலை ஒன்றைச் செய்வது.

இலக்கணக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று தொல்காப்பிய அகத்திணையியல் சொல்கிறது. உலகத்தார் நடந்துகொள்கிற விதம் ஒன்று, நாடக வழக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்ததே கவிதையின் வழி. நாடக வழக்கு என்றால் என்ன என்பதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சுவைபட வருவதையெல்லாம் ஓரிடத்தில் வந்ததாகத் தொகுத்துச் சொல்வதுதான் நாடக வழக்கு என்கிறார். செல்வத்திலும் குலத்திலும் ஒழுக்கத்திலும் அன்பிலும் ஒத்த இருவர், சுற்றத்தாரை விட்டு நீங்கி, தனியிடத்தில் சந்தித்தார்கள் என்று பாடுவதை உதாரணமாகக் காட்டுகிறார். இவற்றில் எதுவும் உலகத்தில் நடக்காததல்லவே? ஒவ்வொன்றும் தனித்தனியே நடப்பதுதான். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கூடி வருகிறதே, அங்கேதான் புனைவின் கை இருக்கிறது. கற்பனை என்பது சேர்மானம் என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்கள் குறைவு.

சேர்மானத்துக்குச் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கு நினைவு.

2007-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வயர் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த ஹசாபிஸ்தான் பின்னாளில் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மூளையில் நினைவுகளைக் கோத்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சேதமடைந்த ஐந்து நோயாளிகளிடம் அவர்கள் ஒரு வேலை கொடுத்தார்கள். வெயில் நாட்டுக் கடற்கரை ஒன்றில், வெள்ளை மணலில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். என்ன தெரிகிறது, சொல்லுங்கள். பழசை நினைவுகூரச் சொல்லவில்லை, புதிதாக ஒன்றை நினைக்கத்தான் சொன்னார்கள். நினைவு கெட்டுப்போனவருக்கு இதில் என்ன தடை இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலோரால் முடியவில்லை. ஒருவர், வானத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்றார். கடற்பறவைகளின் சத்தமும் கடலின் சத்தமும் கேட்கின்றன, விரலிடுக்கில் மணல் நெருடுகிறது என்றார். அவ்வளவுதான். துண்டு துண்டாக எல்லாம் இருந்தன. அவை சேர்ந்து ஓர் இடமாகவில்லை.

இதற்கும் முன்னால், கே.சி. என்ற எழுத்துகளால் மருத்துவ உலகம் அறிந்த கனடாக்காரர் ஒருவர் இருந்தார். 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்டவர். தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. எண்டெல் டல்விங் என்ற உளவியலாளர் அவரிடம் நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டபோது, மனம் வெறுமையாக இருக்கிறது என்றார். நேற்றைப் பற்றிக் கேட்டால் எந்த வெறுமையோ அதே வெறுமை. நேற்று இல்லாதவருக்கு நாளையும் இல்லாமல் போய்விட்டது.

இந்த இரண்டையும் படித்த பிறகு, 'அனுபவத்தை எழுதுகிறவர்', 'கற்பனையில் எழுதுகிறவர்' என்று எழுத்தாளர்களை இரண்டு பந்தியாக உட்கார வைக்கிற வழக்கம் எனக்கு அர்த்தமில்லாததாகத் தெரிகிறது. சரக்கறை ஒன்றுதான். ஒருவர் பொருளை இருந்தபடியே எடுத்து வைக்கிறார், இன்னொருவர் பிரித்துக் கோக்கிறார். சொல்லப்போனால் முதலாமவரும் பிரித்துத்தான் கோக்கிறார், அவருக்கே தெரியாமல்.

தர்க்க நூல்களில் இல்லாத பொருளுக்கு முயற்கொம்பை உதாரணம் காட்டுவார்கள். ஆகாயத் தாமரை இன்னொன்று. முயல் இருக்கிறது, கொம்பும் இருக்கிறது. ஆகாயம் இருக்கிறது, தாமரையும் இருக்கிறது. இல்லவே இல்லாத ஒன்றுக்கு உதாரணம் தேடியவர்களும் இருக்கிற இரண்டைத்தான் ஒட்டவைத்தார்கள். யாளிக்கும் சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் தேவைப்பட்டன. இது ஏதோ பழங்காலத்துக் குறை என்று நினைக்க வேண்டாம். 1994-ல் தாமஸ் வார்டு என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களிடம், பூமியைப் போலவே இல்லாத ஒரு கோளில் வாழும் விலங்கை இஷ்டம்போல் வரையச் சொன்னார். எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. வந்த படங்களில் பெரும்பாலானவை இடமும் வலமும் ஒத்த உடல், கண்கள், கால்கள் என்று பூமியின் மிருகங்களாகவே இருந்தன. முழுச் சுதந்திரம் கொடுத்தால் மனம் பழைய தடத்துக்கே போகிறது. எழுத உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். 'எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள்' என்று கேட்டு வரும் கதையைவிட, 'ஒரே அறைக்குள், மூன்று மணி நேரத்துக்குள் நடக்கிற மாதிரி எழுதுங்கள்' என்று கேட்டு வரும் கதை பெரும்பாலும் புதிதாக இருக்கும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிட வேண்டும். கற்பனை என்றதும் மனக்கண்ணில் ஓடும் படம் என்று நினைத்துக்கொள்கிறோம். கண்ணை மூடி உங்கள் வீட்டுக் கதவை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது? சரி, இப்போது அந்தக் கதவுக்கு நீல வண்ணம் அடியுங்கள். பலருக்குக் கதவு தெரியும், நீலமும் ஏறும். சிலருக்கு எதுவுமே தெரியாது. கைப்பிடி வலது பக்கம் என்பது தெரியும், கதவு தெரியாது. இந்தத் தன்மைக்கு 'அஃபாண்டேசியா' என்று 2015-ல் பெயர் வைத்தார் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜெமன். பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல், தமக்கு மனக்கண்ணில் படமே வராது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். டிஸ்னியின் புகழ்பெற்ற ஓவியர் கிளென் கீனும் அப்படித்தான். கோடிக்கணக்கான குழந்தைகள் பார்த்த உருவங்களைக் காகிதத்தில் கொண்டுவந்தவரின் மனத்திரை வெறுமையாக இருந்திருக்கிறது. வரைந்து பார்த்துத்தான் அவருக்குத் தெரிகிறது. எழுதுகிறவர்கள் பலரும் இப்படித்தான், எழுதிய பிறகுதான் தாங்கள் என்ன நினைத்தோம் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே படம் ஓடவில்லை என்பதற்காக யாரும் தமக்குக் கற்பனையே கிடையாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

அதே வேளையில், கண்ணால் கண்ட ஒன்றின்மேல் ஒரு நினைப்பை ஏற்றுவதற்கு நம் அணியிலக்கணத்தில் தனிப் பெயரே உண்டு, தற்குறிப்பேற்றம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடி காற்றில் ஆடுகிறது. அந்த அசைவு, வராதே வராதே என்று கை காட்டி மறிப்பதுபோல் இருந்தது என்கிறது சிலப்பதிகாரம். கொடி ஆடுவது நிஜம், காற்று நிஜம். கவிஞன் அதில் ஒரு நூலிழையைக்கூட மாற்றவில்லை. கை மட்டும் அவன் வைத்தது.

இனி மிகுபுனைவு. பேய், பறக்கும் மனிதன், பேசும் மரம் எல்லாம் வருகிற எழுத்து. யதார்த்தக் கதை எழுதுவது கஷ்டம், மிகுபுனைவு எழுதுவது சுலபம் என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் நேர்மாறு. யதார்த்தக் கதைக்கு உலகம் பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடும். மழை பெய்தால் நனையும் என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. நீங்களே படைத்த உலகத்தில் மழை மேல்நோக்கிப் பெய்கிறது என்றால் அங்கே கூரை எதற்கு, கிணறு எங்கே, குடையை எப்படிப் பிடிப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. 1947-ல் அச்சான ஒரு கட்டுரையில் மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கியன் இதற்குப் பச்சைச் சூரியனை உதாரணம் காட்டினார். மொழி தெரிந்த யாரும் 'பச்சைச் சூரியன்' என்று சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் நம்பும்படியாக ஒளிவீசுகிற ஓர் உலகத்தைச் செய்வதற்குத்தான் உழைப்பும் திறமையும் வேண்டும் என்றார்.

1726-ல் வெளிவந்த கலிவரின் பயணங்களில் ஓர் இடம் வரும். ஆறு அங்குல மனிதர்கள் வாழும் லில்லிபுட்டில் கலிவருக்கு எவ்வளவு சாப்பாடு போடுவது? அரசனின் கணித வல்லுநர்கள் அவனை அளந்து பார்க்கிறார்கள். உயரத்தில் அவன் தங்களைவிடப் பன்னிரண்டு மடங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பன்னிரண்டு மடங்கு என்றால் கன அளவில் பன்னிரண்டைப் பன்னிரண்டால் இருமுறை பெருக்க வேண்டும். ஆகவே 1728 பேர் சாப்பாடு என்று தீர்மானிக்கிறார்கள். அரையடி மனிதர்களை ஒப்புக்கொள்ளச் சொன்ன ஜொனாதன் ஸ்விஃப்ட், அதற்கப்புறம் கணக்கில் ஏமாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால் இன்றைய உயிரியல்படி அந்தக் கணக்கு தப்பு. உடல் பெருக்கிற அதே வேகத்தில் ஆற்றல் தேவை பெருகுவதில்லை என்று 1932-ல் மாக்ஸ் கிளைபர் காட்டினார். அவருடைய விதியைப் போட்டுப் பார்த்தால் சுமார் 270 பேர் சாப்பாடே போதும். இருநூறு வருடங்களுக்குப் பிறகு வந்த ஒரு விதியைக் கொண்டு தப்புக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்தப் பொய் உறுதியாக நிற்கிறது. காஃப்காவின் 'உருமாற்றம்' கதையிலும் இதே சங்கதிதான். ஒருவன் பூச்சியாகக் கண்விழிக்கிறான். உடனே அவன் கவலைப்படுவது மணி ஆறரை ஆகிவிட்டதே, ஐந்து மணி ரயில் போய்விட்டதே என்றுதான். பெரிய பொய் ஒன்று, அதைத் தாங்கச் சின்ன உண்மைகள் நூறு.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானகரமானது. சில வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். இறந்து பன்னிரண்டு வருடமான ஒருவர் ஒரு மாலையில் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். முதல் வரைவில் பனிமூட்டம் இருந்தது, நாய் ஊளையிட்டது, விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. எழுதி முடித்ததும் ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு. நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வந்தவர் கதவைத் தட்டினாரா, சாவி போட்டுத் திறந்தாரா?"

எரிச்சலாக வந்தது. செத்தவர் திரும்பி வந்ததை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டவர், சாவி விஷயத்தில் வந்து முட்டிக்கொள்கிறாரே என்று. ஆனால் படுத்த பிறகு அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. அவருடைய சாவி எங்கே இருக்கும்? மருத்துவமனையில் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். மனைவி அவற்றை என்ன செய்திருப்பாள்? கண்ணாடியைத் தூக்கிப்போட மனம் வந்திருக்காது, அலமாரியில் வைத்திருப்பாள். சாவி அப்படியல்ல, பயன்படுகிற பொருள். அதை மகனிடம் கொடுத்திருப்பாள். அப்படியானால் இவர் தட்டித்தான் ஆக வேண்டும். முப்பது வருடம் தட்டாமல் நுழைந்த கதவு. எப்படித் தட்டுவார்? விரல் முட்டியாலா, உள்ளங்கையாலா? தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பார்? கண்ணாடியும் இல்லையே, பெயர்ப்பலகையில் தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று எப்படிப் படிப்பார்?

பனிமூட்டம் போனது, நாயும் போனது. தன் வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கையை உயர்த்துகிற ஒரு மனிதர் மட்டும் மிஞ்சினார்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். உள்ளே இருக்கும் மனைவி கதவைத் திறக்க வேண்டும், அதற்காகத்தான் கதையே. அவள் திறக்கவில்லை. திறந்தாள் என்று எழுதினால் அந்த வாக்கியம் செத்துக் கிடந்தது. தட்டுகிற தாளத்தை வைத்தே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் எழுந்திருக்கவில்லை. இதை நான் திட்டமிடவில்லை என்று சொன்னால் எழுத்தாளர்கள் போடுகிற பழைய வேஷம் என்று சிரிப்பீர்கள். நானே மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சிரித்தவன்தான். ஆனால் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 50 புனைகதை எழுத்தாளர்களைப் பேட்டி கண்டு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 46 பேர் இதுபோன்ற அனுபவம் தங்களுக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பாத்திரம் தானாகப் பேசுகிறது, சொன்னபடி கேட்பதில்லை, சண்டை பிடிக்கிறது. ஆவி புகுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிவிட்டால் கை தானாகச் செய்யும், யோசித்த சுவடே தெரியாது. இன்னொரு ஆள் எப்படி நினைப்பான் என்று யோசித்துப் பழகிய மனதிலும் அதுவே நடக்கிறது என்பது டெய்லர் தரும் விளக்கம். சைக்கிள் தானாக ஓடுவதுபோல் பாத்திரம் தானாகப் பேசுகிறது.

டெய்லர் அதற்கு முன்பிருந்தே குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியாத நண்பர்களை ஆராய்ந்தவர். ஏழு வயதுக்குள் மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அப்படி ஒரு நண்பனோ பொம்மைத் தோழியோ இருந்திருக்கிறது என்று 2004-ல் அவர் குழு கண்டது. ஒரு காலத்தில் இதை மனக்கோளாறின் அறிகுறி என்று பயந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தோழனைப் பற்றி ஆய்வாளர் ரொம்ப அக்கறையாகக் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால், சில குழந்தைகள் நடுவில் நிறுத்தி, இது சும்மா விளையாட்டுக்குத்தான், நிஜமில்லை என்று எடுத்துச் சொல்கிறார்களாம். பாவம், இவர் நம்பிவிட்டார்போல் இருக்கிறது என்ற கவலை அவர்களுக்கு.

பெரியவர்களுக்குத்தான் இந்தக் கோடு சில சமயம் அழிந்துபோகிறது. மனக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். நன்றாக நடக்கும் என்று கற்பனை செய்தால் நன்றாக நடக்கும் என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேப்ரியேல் ஓட்டிங்கென் என்ற ஜெர்மன் உளவியலாளர் தாமஸ் வாடனோடு சேர்ந்து 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது. எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருடம் கவனித்தார்கள். என்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் இளைத்தார்கள். ஆனால் மெலிந்த உடலோடு தோழியைச் சந்திப்பதுபோன்ற இனிமையான காட்சிகளில் மிதந்தவர்கள், அப்படி மிதக்காதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் எடை இழந்தார்கள். பிற்பாடு ஹெதர் கேப்பஸோடு அவர் செய்த ஆய்வுகளில் காரணம் கொஞ்சம் துலங்கியது. இனிய கனவில் மூழ்கியவர்களின் இரத்த அழுத்தம் தணிந்தது. கோட்டைக்குள் குடியேறி ஆயிற்று, இனிமேல் எதற்குச் செங்கல் சுமப்பது என்று உடம்பு ஓய்வெடுக்கப் போய்விடுகிறது.

மனக்கோட்டையில் படிக்கட்டு இருக்காது என்பதுதான் அதில் உள்ள கோளாறு. நேரே உப்பரிகையில் நிற்போம். ஓட்டிங்கென் சொல்லும் மாற்று வழி, விரும்பிய காட்சியைப் பார்த்த கையோடு, அதற்கு நடுவே குறுக்கே நிற்பது எது என்பதையும் அதே துலக்கத்தோடு கற்பனை செய்வது. என் நண்பர் கேட்ட சாவிக் கேள்விதான் இது. இலட்சியத்தை அடைந்துவிட்டீர்கள், சரி, உள்ளே எப்படிப் போனீர்கள்?

இப்படிக் கேட்கத் தெரிந்த கற்பனை, கண்ணால் பார்க்காமலே உண்மையைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறது. 1638-ல் அச்சான நூலில் கலிலியோ இரண்டு கற்களை மனதுக்குள் போடுகிறார். கனமான கல் வேகமாக விழும், லேசான கல் மெதுவாக விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டால்? மெதுவான கல் வேகமான கல்லைப் பின்னுக்கு இழுக்கும், எனவே பெரிய கல் தனியாக விழுவதைவிடத் தாமதமாகும். ஆனால் கட்டிய பிறகு மொத்தக் கனம் கூடிவிட்டதே, எனவே முன்னைவிட வேகமாக விழ வேண்டும். இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகும்? ஆகவே கனமானது வேகமாக விழும் என்று வைத்துக்கொண்டதே தப்பு. அந்த வாதத்துக்கு எந்தக் கோபுரத்திலும் ஏற வேண்டியிருக்கவில்லை. கற்பனைக் கல்லைக் கட்டிய பிறகு அது கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில் கலிலியோ பிடிவாதமாக இருந்தார். கவிழ்த்த கோப்பையைத் தொட்ட குழந்தையின் பிடிவாதம்தான்.

பகற்கனவுக்கு இன்னொரு முனையும் உண்டு. நாளின் பெரும்பகுதியை உள்ளுக்குள் ஓடும் நெடுந்தொடரிலேயே கழித்து, வேலையும் உறவும் கெட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த எலி சோமர் 2002-ல் இதைத் தனிப் பிரச்சினையாக விவரித்தார். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல, வேதனை. சாதாரணமாக மனம் அலைவது வேறு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 2250 பேரைக் கைப்பேசி வழியாக அவ்வப்போது விசாரித்தபோது, கிட்டத்தட்ட 47 விழுக்காடு நேரம் மனம் கையிலிருக்கும் வேலையில் இல்லை. பாதி வாழ்க்கை வேறெங்கோ நடக்கிறது. அப்படி அலைகிற மனம் மகிழ்ச்சி குறைந்த மனம் என்பதும் அதே ஆய்வு சொன்னது. அலையும் இடங்கள் எல்லாம் உப்பரிகைகள் இல்லையே.

கவலையைக் கற்பனை என்று யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் கற்பனை தன் முழுத் திறமையையும் காட்டுவது அங்கேதான். போன மாதம் ஒரு நாள் மகள் வீடு திரும்ப வேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகிவிட்டது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் சாலையோரத்தில் கூட்டம் கூடிவிட்டது. பத்தாவது நிமிடத்தில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் என் பெயரைத் தப்பாக உச்சரித்தார், இரண்டு தடவை திருத்தினேன். ஆம்புலன்சின் பின்கதவு சரியாக மூடாமல் ஆடிக்கொண்டிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் வரிசையாக நான்கு நாற்காலிகள், மூன்றாவதில் ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. கதை எழுத உட்காரும்போது மணிக்கணக்கில் காத்திருந்தாலும் வராத விவரமெல்லாம் கேட்காமலே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை முன்பே ஒரு கதையில் எழுதியிருக்கிறேன்.

அப்போது கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு, "ஏம்ப்பா லைட்டுகூடப் போடாம உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள்.